பன்னிரண்டு பேரில் ஒருவனை மாற்றினோம்

ஒரே ஓர் ஆளை மாற்றினால் போதும், கோப்பை நமக்குத்தான். எங்கள் பாஸ்கெட்பால் கிரவுண்டில் இந்தப் பேச்சு இல்லாத சாயங்காலமே கிடையாது. ஆட்டம் முடிந்து வேர்வை காய்கிற வரைக்கும் கூடைக் கம்பத்துக்குக் கீழே உட்கார்ந்து, யாரைத் தூக்கலாம், யாரைப் போடலாம் என்று பேசிக்கொண்டிருப்போம். ஆடுவதைவிடப் பேசுவதுதான் ஜாஸ்தி என்று என் மனைவி சொல்வாள். உண்மைதான். அப்படிப் பேசிப் பேசி, ஒரு வருடம் நிஜமாகவே ஒருவனை மாற்றினோம். மாற்றச் சொன்னவன் நான். மாற்றப்பட்டவன் என் சிநேகிதன். இதை இதற்கு முன் நாலைந்து பேரிடம் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் எனக்குச் சாதகமாக எதையாவது சேர்த்தோ, எதையாவது விட்டோதான் சொன்னேன். இந்தத் தடவை நடந்தபடியே சொல்லிப் பார்க்கிறேன்.

கள்ளக்குறிச்சியில் எனக்கு ஹார்டுவேர் கடை. அத்தா வைத்தது. பைப்பு, பெயிண்ட், ஆணி, தாழ்ப்பாள். ஊரில் எல்லோருக்கும் நான் பாய்தான். பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவர்கள் வீட்டுக்குள் மட்டும் இருக்கிறார்கள். அஸர் தொழுகை முடிந்ததும் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு கிரவுண்டுக்குக் கிளம்பிவிடுவேன். பந்தைத் தட்டிக்கொண்டு முன்னால் போய், நடுவில் நின்று எல்லோருக்கும் பிரித்துக் கொடுக்கிற வேலை எனக்கு. டீமுக்குக் கேப்டனும் நான்தான். கோபம் எனக்கு மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கும். நடுவரிடம் கத்தி, அதற்குத் தண்டனை வாங்காமல் நான் ஊர் திரும்பிய டோர்னமென்ட் ஒன்றுகூட ஞாபகத்தில் இல்லை. குரலும் அப்படி. கடையில் நான் விலை சொன்னால் எதிர்க்கடைக்காரன் தன் விலையைக் குறைத்துக்கொள்வான் என்று கிண்டல் செய்வார்கள்.

என் சிநேகிதன் வளையத்துக்குக் கீழே நிற்கிறவன். எதிராளியின் மேல் முதுகைச் சாய்த்து நின்று, வருகிற பந்தைப் பிடித்து, திரும்பிப் போட வேண்டும். ஒரு டீமுக்கு அந்த ஆள்தான் முதுகெலும்பு. பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவது படிக்கும்போது நானும் அவனும் ஒரே நாளில் பந்தைத் தொட்டோம். நாற்பதைத் தாண்டும் வரைக்கும் நான் கொடுத்த பந்தை அவன்தான் பிடித்தான். மின்வாரியத்தில் லைன்மேன் வேலை கிடைத்து, சுற்றிச் சுற்றிக் கடைசியில் கல்வராயன் மலையில் போட்டுவிட்டார்கள். வெள்ளிமலையில் ஓர் ஒற்றை அறை குவார்ட்டர்ஸ். காற்றும் மழையும் அடித்தால் மரம் சாய்ந்து கம்பி அறுந்துகொண்டே இருக்கும் இடம் அது. அப்படியும் காலை டூட்டி உள்ள நாளெல்லாம் மத்தியானமே பைக்கை எடுத்துக்கொண்டு வளைவு வளைவாக இறங்கி, கோமுகி அணையைத் தாண்டி, கச்சிராயபாளையம் தாண்டி, ஐந்து மணிக்கு கிரவுண்டில் நின்றுவிடுவான். ஒரு மணி நேரம் ஆடுவதற்காகப் போக வர மூன்று மணி நேரம்.

கல்யாணம் செய்துகொள்ளவில்லை. சங்கராபுரம் பக்கத்தில் இருந்த நிலமும் வீடும் அப்பா அம்மாவுக்குப் பிறகு அண்ணன் கைக்குப் போயின. அண்ணன் வீட்டுக்குப் போனால் வாசலிலேயே பேசி அனுப்பிவிடுவார்கள். ஆகவே மலைக்குக் கீழே அவனுக்கென்று இருந்தது இந்த சிமெண்டுத் தரையும், அதில் ஆடுகிற நாங்கள் பதினைந்து பேரும்தான். இது எனக்குத் தெரியாமல் இல்லை. மற்ற எல்லோரையும்விட எனக்குத்தான் நன்றாகத் தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

மூன்று வருடம் தொடர்ந்து அரையிறுதியில் தோற்றோம். மூன்று வருடமும் ஒரே டீமிடம். கடற்கரைப் பக்கத்து டீம், எல்லோரும் பனைமர உயரம். தோற்றுவிட்டு வந்தால் ஆறு மாதம் அதே பேச்சு. எங்கள் ஷேர் ஆட்டோக்காரன், தூரத்திலிருந்து குறி தப்பாமல் போடுகிறவன், அவன் ஒரே வைத்தியத்தை வருடம் பூராவும் சொல்லிக்கொண்டிருப்பான்.

"கெஸ்ட்டு எறக்குங்க பாய். எல்லா டீம்லயும் எறக்கறாங்க. நாம மட்டும் இன்னா காந்தியா?"

வெளியூரிலிருந்து அந்த டோர்னமென்டுக்கு மட்டும் கூப்பிட்டு வருகிற ஆள்தான் கெஸ்ட். வண்டிச் செலவு, சாப்பாடு, தங்க இடம் கொடுத்தால் வந்து ஆடிக் கொடுத்துவிட்டுப் போய்விடுவார்கள். எங்கள் செயலாளர், கோர்ட்டில் வக்கீல், அவருக்கு இதில் இஷ்டமில்லை.

"காலேஜ் பசங்க ரெண்டு பேர எடுத்து வளக்கலாம். மூணு வருஷத்துல டீம் செட் ஆயிடும்."

"மூணு வருஷத்துல நான் தாத்தா ஆயிடுவேன் சார்" என்று நான் கத்துவேன்.

அப்போதெல்லாம் லைன்மேன் ஷூ லேசை அவிழ்த்துக்கொண்டே சொல்வான்: "என்னத் தூக்கிட்டு ஒரு ஒயரமானவனப் போடுங்கப்பா. கப்பு உங்களுது."

"உன்னத் தூக்கணும்னா கிரேன்தான் வரணும்" என்பான் ஆட்டோக்காரன். எல்லோரும் சிரிப்போம். அவனும் சிரிப்பான். அவன் முழங்கால் இரண்டும் வீங்கியிருக்கும். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைத்துக்கொண்டுதான் சிரிப்பான். சிரித்துக்கொண்டே சொன்னதால் அவன் அதை மனதாரச் சொல்வதாக நான் எடுத்துக்கொண்டேன். எனக்கு அப்படி எடுத்துக்கொள்வது சௌகரியமாக இருந்தது.

டோர்னமென்டுக்கு ஒரு மாதம் முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் லிஸ்ட் போடுவோம். பன்னிரண்டு பேர்தான் போக முடியும். வக்கீலின் ஆபீஸ் மாடியில், சட்டப் புத்தக அலமாரிகளுக்கு நடுவே பாய் விரித்து உட்காருவோம். எங்கள் டீமில் ஒரு வழக்கம் உண்டு. யாருடைய பெயர் பேச்சுக்கு வருகிறதோ அவன் எழுந்து கீழே டீ வாங்கப் போய்விட வேண்டும். டீக்கடை நேர் கீழேதான், சின்னச் சந்து ஒன்றைத் தாண்டினால் வந்துவிடும். அவன் டீ வாங்கிக்கொண்டு மேலே வருவதற்குள் அவனை வைப்பதா எடுப்பதா என்று முடிவாகிவிடும். வக்கீல் பேப்பரில் எழுதிவிடுவார். உள்ளே யார் என்ன சொன்னார்கள் என்பதை வெளியே போனவனிடம் யாரும் சொல்லக் கூடாது. முகத்துக்கு நேரே ஒருவன் மனதை நோகடிக்கக் கூடாது என்று எங்களுக்கு முன்னால் ஆடியவர்கள் வைத்த ஏற்பாடு. நல்ல ஏற்பாடு என்றுதான் நாங்களும் நினைத்தோம். பதினாறு பேருக்குப் பதினாறு தடவை டீ வரும். பாதி பேர் கடைசியில் குடிக்க முடியாமல் ஜன்னல் வழியே ஊற்றுவார்கள்.

அந்த வருடம் ஐந்தாவதாகவோ ஆறாவதாகவோ அவன் பெயர் வந்தது. மலையிலிருந்து ஒரு பலாப்பழம் கொண்டுவந்திருந்தான். அதை அறுக்க எண்ணெய் தேடிக்கொண்டிருந்தவன், வக்கீல் தன் பெயரைச் சொன்னதும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தான்.

"சக்கர கம்மியா யாருக்கு?" என்று கேட்டான். "பாய்க்கு மட்டும்தானே" என்று அவனே சொல்லிக்கொண்டு இறங்கிப் போனான்.

வக்கீல் சுற்றிப் பார்த்தார். எல்லோருக்கும் ஒரே எண்ணம்தான்; வாய்தான் வரவில்லை. எனக்கு அந்த மௌனம் எரிச்சலாக இருந்தது. மூன்று வருடத் தோல்வி வேறு மறக்கவில்லை.

"இன்னா எல்லாரும் வாயில கொழுக்கட்டையா?" என்று ஆரம்பித்தேன். "அவன் முட்டி போயிடுச்சி. அவன் திரும்பறதுக்குள்ள ஆட்டமே முடிஞ்சிடுது. மூணு வருஷமா அந்த ஒயரமானவனுங்க கிட்ட தோத்தது யாரால? சொல்லுங்க."

"பாய், நீயே சொல்றியா?" என்றார் வக்கீல்.

"நானேதான் சொல்றேன். நான் சொல்லலன்னா வேற எவன் சொல்லுவான்? சிநேகம் வேற, டீமு வேற. கப்பு வோணுமா, அவன் வோணுமா? ரெண்டுல ஒண்ண முடிவு பண்ணுங்க. அவன எடுத்துட்டு ஒரு கெஸ்ட்ட எறக்குங்க. இந்தத் தடவ ஜெயிக்கலன்னா கேளுங்க என்ன."

நான் பேசிய பிறகு மற்றவர்களுக்குப் பேச ஒன்றும் இல்லை. வக்கீல் இன்னொரு முறை என்னைப் பார்த்தார். அப்புறம் பேனாவை எடுத்து அவன் பெயருக்கு நேரே ஒரு கோடு போட்டார்.

அவன் தூக்குப் பாத்திரத்தில் டீயோடு மேலே வந்தான். சர்க்கரை குறைந்த டீயைத் தனிக் கிளாசில் மூடிக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். எல்லோருக்கும் ஊற்றிவிட்டு, குனிந்து பேப்பரைப் பார்த்தான். "சரி" என்றான். அவ்வளவுதான். சுவரில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டு, விட்ட இடத்திலிருந்து பலாப்பழத்தை அறுக்க ஆரம்பித்தான். எனக்கு உள்ளுக்குள் நிம்மதி. பிரச்சினை இல்லாமல் முடிந்ததே என்று நினைத்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் நிம்மதி என்பதுதான் நிஜம்.

அடுத்து என் பெயர். நான் இறங்கிப் போய் டீக்கடையில் நின்றேன். என்னை யார் எடுத்துவிடப் போகிறார்கள் என்கிற தைரியம். கடைக்காரரோடு சிமெண்ட் விலையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். வழக்கத்தைவிடக் கொஞ்சம் நேரம் ஆனது போலத் தோன்றியது. பலாப்பழம் தின்றுகொண்டிருப்பார்கள் என்று நினைத்தேன். மேலே போனபோது பேப்பரில் என் பெயருக்கு நேரே கேப்டன் என்று எழுதியிருந்தது. யாரும் என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை. லைன்மேன் மட்டும் ஷூ பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தான்.

"மேல மழ வர மாரி கீது. நான் கெளம்பறேன்" என்றான்.

அதற்குப் பிறகு அவன் கிரவுண்டுக்கு வரவில்லை. முதல் வாரம் போன் செய்தேன். டூட்டி என்றான். அடுத்த வாரமும் டூட்டி. லிஸ்டை வாட்ஸ்அப் குரூப்பில் போட்டபோது முதல் ஆளாகக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டியவன் அவன்தான். அதைப் பார்த்துவிட்டு, பாரு, பெரிய மனசு என்று ஆட்டோக்காரனிடம் சொன்னேன். அவன் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போனான்.

கெஸ்ட் சேலம் பக்கத்துப் பையன். ஆறடி நாலு அங்குலம். மரியாதையானவன். ஆட்டத்தன்று காலையில்தான் வந்து சேர்ந்தான். ஒரு நாள்கூட எங்களோடு பயிற்சி செய்யவில்லை. அவன் உடம்பைப் பார்த்ததுமே எனக்குக் கோப்பை கைக்கு வந்துவிட்டது.

முதல் ஆட்டம், முதல் பந்து. நான் தட்டிக்கொண்டு போய், வழக்கமாகக் கொடுக்கிற இடத்தில், உயரத் தூக்கி இடது பக்கமாக உள்ளே போட்டேன். பந்து ஸ்கோர் எழுதுகிறவர் மேஜை மேல் போய் விழுந்தது. சரி, பையன் புதுசு என்று விட்டேன். இரண்டாவது பந்து அவன் முதுகுக்குப் பின்னால் போனது. மூன்றாவது அவன் காலில் பட்டு வெளியே உருண்டது.

"அண்ணா, கொஞ்சம் என்னப் பாத்துப் போடுங்கண்ணா" என்றான் பையன். தன்மையாகத்தான் சொன்னான்.

"உன்னப் பாக்காம வேற யாரடா பாக்கறேன்? கைய நீட்டத் தெரியாதா உனக்கு?" என்று நடு மைதானத்தில் கத்தினேன். நடுவர் விசில் ஊதினார். கத்தியதற்குத் தண்டனை. அதற்கும் அவரிடம் கத்தினேன்.

பாதி ஆட்டத்தில் வக்கீல் என்னை வெளியே எடுத்து பெஞ்சில் உட்கார வைத்தார். ஆட்டோக்காரன் பந்தைக் கொண்டுபோனான். பந்து நேராகப் பையன் மார்புக்குப் போனது. அவன் திரும்பினான், போட்டான். மறுபடி போனது, மறுபடி போட்டான். நான் துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு பார்த்துக்கொண்டிருந்தேன். விட்டதில் முக்கால்வாசியைப் பிடித்துவிட்டார்கள். ஆனால் நான் தொலைத்தது கொஞ்சநஞ்சம் இல்லை. இரண்டு புள்ளியில் தோற்றோம். அரையிறுதியை விடுங்கள், முதல் ஆட்டத்திலேயே மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினோம்.

பெஞ்சில் உட்கார்ந்திருந்த அந்த அரை மணி நேரத்தில்தான் எனக்கு விளங்கியது. என் பந்து எப்போதுமே அப்படித்தான் போயிருக்கிறது. இடது பக்கம், அரை முழம் உயரமாக, ஒரு நொடி தாமதமாக. அவன் அதற்கு ஏற்றபடி முன்கூட்டியே நகர்ந்து, எம்பி, இடது கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டிருந்தான். அந்த முழங்காலை வைத்துக்கொண்டு. பார்க்கிறவர்கள் "பாய் பாஸ் கொடுத்தாரு பாரு" என்று எனக்குத்தான் கை தட்டினார்கள். நானும் தலையை ஆட்டி ஏற்றுக்கொண்டேன். இருபத்தைந்து வருடத்துக்கு மேல் அவன் ஒரு நாளும் "பாத்துப் போடு" என்று சொன்னதில்லை.

திரும்பி வரும்போது மூங்கில்துறைப்பட்டு ரோட்டில் கரும்பு டிராக்டர்கள் வரிசையாக நின்றுகொண்டிருந்தன. எங்கள் வேன் நகரவில்லை. நான்தான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல், "கெஸ்ட் சரியில்ல" என்றேன். முன் சீட்டில் இருந்த ஆட்டோக்காரன் சட்டென்று திரும்பினான். என்னைவிடப் பத்து வயது சின்னவன். என்னிடம் ஒருநாளும் அப்படிப் பேசியதில்லை.

"சொல்லக் கூடாதுன்னு இருக்குது. இருந்தாலும் சொல்றேன் பாய். அன்னிக்கு நீங்க டீ வாங்கப் போனீங்களே, உங்க பேர எடுத்துடலாம்னுதான் எல்லாரும் சொன்னோம். நானுந்தான் சொன்னேன். ஒருத்தன்கூட வேணும்னு சொல்லல."

"டேய், போதும்" என்றார் வக்கீல்.

"இல்ல சார், தெரியட்டும். அப்ப லைன்மேன் அண்ணன்தான் வாயத் தொறந்தாரு. ‘பாய் பாஸ இத்தினி வருஷமா நான்தானே புடிச்சிக்கினு இருக்கறேன். நான் சொல்றேன், நல்ல பாஸு. புதுசா வர்றவனுக்கும் பழகிடும். பாய் இருக்கட்டும்’னாரு. வெளிய தள்ளின ஆளே இப்டி சொல்றாரேன்னு எங்களுக்கு ஒண்ணும் பேச முடில. சாரு எழுதிட்டாரு."

வேனில் அப்புறம் ஊர் வரும் வரை நான் ஜன்னல் பக்கம் திரும்பியே உட்கார்ந்திருந்தேன். அழுகை வந்தது. அழுதேன். யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன், பார்த்திருப்பார்கள்.

இரண்டு வாரம் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தேன். அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் பைக்கை எடுத்துக்கொண்டு மலைக்குக் கிளம்பினேன். அவன் வந்து போன ரோடுதான், ஆனால் நான் அதில் ஏறியது அதற்கு முன் இரண்டே தடவைதான். அந்த இரண்டும் வீட்டாரோடு அருவி பார்க்கப் போனது. அவன் அறையைப் பார்க்க ஒரு தடவைகூடப் போனதில்லை. மேலே ஏற ஏறத் தூறல். பாதி வழியில் நின்று, என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்தேன்.

குவார்ட்டர்ஸ் பூட்டியிருந்தது. பக்கத்து அறைக்காரர் கையைக் காட்டினார். மரவள்ளிக் கொல்லைகளைத் தாண்டி ஒரு வளைவில், மரம் சாய்ந்து கம்பத்தின் மேல் கிடந்தது. அவனும் இன்னும் இரண்டு பேரும் கிளையை வெட்டி இழுத்துக்கொண்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கத்தியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தான். நொண்டிக்கொண்டே ஓடி வந்தான்.

"இன்னா பாய், வூட்ல எல்லாரும் நல்லாக்கிறாங்களா? இன்னாச்சி, இந்த மழையில?"

"சும்மாதான்டா. பாத்துட்டுப் போலாம்னு."

ரோட்டோரச் சின்னப் பாலத்துக் கட்டையில் உட்கார்ந்தோம். நான் ஒத்திகை பார்த்ததைச் சொல்வதற்கு முன் அவனே தொடங்கினான். யாரோ போனில் நேரலை போட்டிருந்தார்களாம். முழு ஆட்டத்தையும் பார்த்திருக்கிறான்.

"அந்தப் பையன ஏன் வளையத்துக்குக் கீழ நிறுத்துனீங்க? கொஞ்சம் மேல, உன் கிட்டக்க நிறுத்தியிருக்கணும். உன் பாஸு மேலதான் எழும்பும். அவன் எம்ப வாட்டமா இருந்திருக்கும்."

"அப்ப கீழ யாரு நிப்பா?"

"ஆட்டோக்காரன ஓரத்துலேர்ந்து உள்ள ஓடி வரச் சொல்லியிருக்கலாம். அவன் எந்நேரமும் வெளியவே நின்னுக்கினு போஸ் குடுத்துக்கினு இருக்கான்."

அரை மணி நேரம் பேசினோம். யாரை எங்கே நிறுத்துவது, காலேஜ் பசங்களில் யாரை எடுப்பது, வக்கீலை எப்படிச் சம்மதிக்க வைப்பது. எனக்குப் பழைய மாதிரி ஆகிவிட்டது. அந்த சந்தோஷத்தில், நான் செய்ததிலேயே கேவலமான காரியத்தைச் செய்தேன்.

"அன்னிக்கு லிஸ்ட்டு போட்டப்ப, வக்கீலுதான்டா புடிவாதமா..." என்று ஆரம்பித்தேன்.

"பாய், வுடு" என்றான் அவன். கிளைகளைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "உன் கொரலு டீக்கடை வரைக்கும் கேட்டுச்சி. கடைக்காரருக்கே சங்கடமாப் போயி ரேடியோவ சத்தமா வெச்சாரு."

எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் அவன் எனக்குத் தனிக் கிளாசில் டீ கொண்டுவந்திருக்கிறான். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத்தான் பத்து நிமிடம் கழித்து எனக்காகப் பேசியிருக்கிறான்.

"அப்புறம் ஏன்டா எனக்காகப் பேசுன?"

"நீ பேசுனதுல தப்பு இல்ல பாய். முட்டி போனது நெசந்தானே. டீமுக்கு இன்னா நல்லதோ அத நீ சொன்ன. நான்தான் பொய் சொன்னேன். உன் பேரயும் எடுத்திருந்தா அந்தப் பையன் இருந்ததுக்கு ஒருவேள ஜெயிச்சிருப்பீங்க." கையில் ஒட்டியிருந்த ஈர மரத்தூளைத் தட்டிவிட்டான். "உன் மூஞ்சி எப்டி ஆவும்னு நெனச்சேன். முடில. அதான்."

நான் அவன் கையைப் பிடித்துக்கொண்டேன். மன்னிப்பு என்ற வார்த்தை வரவில்லை, கெஞ்சத்தான் வந்தது. "கீழ வாடா. அடுத்த வாரத்துலேர்ந்து வா. லிஸ்ட்டு கெடக்குது கழுத. சும்மா வந்து ஆடு."

அப்போதுதான் அதைச் சொன்னான். டவுனுக்கே மாற்றல் கேட்டு வருடக்கணக்காக எழுதிக்கொண்டிருந்தானாம். என்னிடம்கூடச் சொன்னதில்லை, வந்த பிறகு சொல்லலாம் என்று வைத்திருந்தானாம். போன வாரம் ஆர்டர் வந்துவிட்டது. கள்ளக்குறிச்சி டவுன். கிரவுண்டுக்கு நடந்தே வரலாம்.

"அடேய்!" என்று கத்தினேன். மரம் வெட்டிக்கொண்டிருந்த இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். "எப்ப வர?"

"வேணாம்னு எழுதிக் குடுத்துட்டேன்."

"பைத்தியமா உனக்கு? இந்தக் காட்டுல உக்காந்து இன்னாடா பண்ணப் போற?"

"கீழ வந்துதான் இன்னா பண்ணப் போறேன்? சாயங்காலம் அஞ்சி மணி ஆச்சின்னா எங்க போயி நிக்கறது?"

"கிரவுண்டுக்கு வாடா. அதான் சொல்றேன் இல்ல?"

"நல்லா யோசிச்சுப் பாரு பாய். லிஸ்ட்டுல இல்லாதவன் பிராக்டீஸ்ல வந்து கைய நீட்டினா எவன் பந்து குடுப்பான்? போட்டிக்குப் போறவனுக்குத்தான் குடுப்பாங்க, அதான் மொற. நீயே குடுக்க மாட்ட."

கொடுப்பேன் என்று சொல்ல வாயெடுத்தேன். லிஸ்டிலிருந்து கழற்றிவிடப்பட்ட பிறகும் பழக்க தோஷத்தில் கிரவுண்டுக்கு வந்து, ஓரமாகக் கையை நீட்டிக்கொண்டு ஓடியவர்கள் இரண்டு மூன்று பேரின் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. அவர்கள் யாருக்கும் நான் பந்து கொடுத்ததில்லை. கையை நீட்டி நீட்டிப் பார்த்துவிட்டு, ஒரு மாதத்தில் அவர்களாகவே நின்றுபோனார்கள்.

கம்பத்தடியிலிருந்து அவனைக் கூப்பிட்டார்கள். "இரு பாய், கரெண்டு குடுத்துட்டு வந்துடறேன், கஞ்சி குடிச்சிட்டுப் போலாம்" என்று சொல்லிவிட்டு, முழங்காலில் கை ஊன்றி எழுந்து போனான். அவன் சொன்னது சரி. நான் கொடுத்திருக்க மாட்டேன்.